வைபி பதவி போனா என்ன கிடைக்கும்? நம்மாளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

மலேசியால பினாங்கு மாநிலம், பிறை பக்கம் எங்க தாமான், அதாவது குடியிருப்பு, முன்னாடி ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு, காலைல பசியாறப் போனா யாராவது ஒருத்தர் வைபிங்க, அதாவது எம்பி, சட்டமன்ற உறுப்பினருங்க பென்ஷன் பேச்ச எடுத்துடுவாங்க. மூணு வருஷம் உக்காந்தா போதும்லா, சாகுற வரைக்கும் பென்ஷன், நாம முப்பது வருஷம் முதுகு ஒடிஞ்சோம் என்னா கிடைச்சுதுன்னு. நான் கணக்கு எழுதுற ஆள், அதனால என்னைப் பாத்துதான் கேப்பாங்க. ஒவ்வொரு தடவையும் தே ஆறிப் போற வரைக்கும் பேச முடியாதுன்னு தெரிஞ்சதெல்லாம் ஒரே இடத்துல எழுதிட்டேன். என் அப்பா அரசாங்க ரோட்டு வேலைல இருந்தவர், என் மாமா கட்சிக் கிளைத் தலைவரா இருந்தவர், ரெண்டு பேரும் நடுவுல வருவாங்க.

கேள்வி: மூணு வருஷம் எம்பியா இருந்தா வாழ்நாள் பென்ஷன்னு சொல்றது நெஜமா?

நெஜம்தான், ஆனா பாதிதான் சொல்றாங்க. 1980-ல வந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஊதியச் சட்டம், நம்மாளுங்க சட்டம் 237-னு சொல்றது, அதுல 36 மாசம் சேவை முடிச்சிருந்தா பென்ஷனுக்குத் தகுதி. ஆனா அடுத்த மாசமே காசு வராது, 50 வயசு ஆகணும். 32 வயசுல ஜெயிச்சு 37-ல தோத்த ஒருத்தர் 13 வருஷம் காத்திருக்கணும். தொகையும் எத்தனை மாசம் இருந்தாங்கங்கறதப் பொறுத்துத்தான் ஏறும், ஒரு தவணை இருந்தவருக்கும் அஞ்சு தவணை இருந்தவருக்கும் ஒரே காசு கிடையாது. ஆள் இறந்துட்டா மனைவி பிள்ளைங்களுக்கும் ஒரு பங்கு போகும், அது அரசாங்க வேலைக்காரங்களுக்கும் உள்ளதுதான், அதுல ஒன்னும் அநியாயம் இல்ல.

கேள்வி: எம்பி சம்பளம் எவ்ளோ?

2015 ஜனவரில இருந்து மாசம் 16,000 வெள்ளி, அதாவது ரிங்கிட். அதுக்கு முன்ன 6,508 வெள்ளி 59 காசுதான், ஒரே தாவுல ரெண்டரை மடங்கு. செனட்டருக்கு 11,000. மந்திரி ஆனா அதுக்கு மேல தனியா 14,907 வெள்ளி 20 காசு, பிரதமருக்கு 22,826 வெள்ளி 65 காசு, ஆனா அன்வார் பிரதமர் சம்பளம் வாங்க மாட்டேன்னு 2022-ல சொன்னார், அவர் கேபினட்டும் மந்திரி சம்பளத்துல 20 விழுக்காடு குறைச்சுக்கிச்சு. சபைக்கு வந்தா ஒரு நாளைக்கு 400 வெள்ளி வேற உண்டு.

மாநிலத்துக்கு மாநிலம் வேற கணக்கு. சிலாங்கூர்ல 2014-ல ஏத்துனாங்க பாருங்க, சட்டமன்ற உறுப்பினருக்கு 11,250, மந்திரி புசாருக்கு, அதாவது சுல்தான் உள்ள மாநிலத்து முதல்வருக்கு, 29,250. பிரதமருக்குப் போட்டிருக்கறத விட மந்திரி புசாருக்குப் போட்டிருக்கறது அதிகம். அப்ப எங்க கடைல ஒரு அங்கிள் சொன்னார், இனிமே புத்ராஜெயா வேணாம்டா ஷா ஆலம் போதும்னு. புத்ராஜெயா மத்திய அரசாங்கம் இருக்கற ஊரு, ஷா ஆலம் சிலாங்கூர் தலைநகர்.

கேள்வி: எங்கப்பாவும் அரசாங்க பென்ஷன்தான். அவருக்கும் வைபிக்கும் என்ன வித்தியாசம்?

இது எனக்குப் பிடிச்ச கேள்வி, ஏன்னா எங்க வீட்டுக் கதையே இதான். அரசாங்க ஊழியர் பென்ஷன் கணக்கு ரொம்ப நேரானது, வேலை செஞ்ச மாசத்த 600-ஆல வகுத்து கடைசி சம்பளத்தால பெருக்கணும். ஆனா 360 மாசத்துக்கு மேல எண்ண மாட்டாங்க, அதாவது 30 வருஷம், அதிகபட்சம் கடைசிச் சம்பளத்துல 60 விழுக்காடு. 2009-க்கு முன்ன இன்னும் மோசம், 25 வருஷம் வரைக்கும்தான் கணக்கு, பாதிச் சம்பளத்துக்கு மேல போகாது.

எங்கப்பா 33 வருஷம் தார் ஊத்தினார். கடைசி அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளிக்குக் கிட்ட. 33 வருஷத்துல மூணு வருஷம் கணக்குலயே வரல, அந்த மூணு வருஷம் யாருக்கு வேலை செஞ்சேன்னு இன்னமும் கேப்பார். 360-ஐ 600-ஆல வகுத்து 2,400-ஆல பெருக்குங்க, 1,440 வெள்ளி. கவனிச்சீங்களா, அவருக்குக் கணக்குல விழாமப் போன அதே 36 மாசம்தான் ஒரு எம்பிக்குப் பென்ஷன் கதவைத் திறக்குது. நான் இத அவர்கிட்ட எடுத்துச் சொல்லல, சொன்னா அன்னைக்கு ராத்திரி தூங்க மாட்டார்.

ஆனா நியாயமாப் பேசணும்னா, அப்பாவுக்கு வேலை போற பயம் இல்ல, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ ஊரே சேர்ந்து உன்னை வேணாம்னு சொல்ற வேலை இல்ல அது. வைபி வேலை காண்ட்ராக்ட் வேலை மாதிரி. அதுக்கு ஏதோ ஒன்னு வேணுங்கறத நான் ஒத்துக்குவேன். எவ்ளோங்கறதுலதான் சண்டை.

கேள்வி: செனட்டருங்களுக்கும் இருக்கா? அவங்கள நாம ஓட்டே போடலியே?

இருக்கு. மேலவைல 70 பேர், 26 பேர மாநிலச் சட்டமன்றங்க அனுப்பும், மாநிலத்துக்கு ரெண்டு பேர், மீதி 44 பேர் நியமனம். தவணை மூணு வருஷம். மூணு வருஷம்னா எத்தனை மாசம்? 36. பென்ஷனுக்கு எத்தனை மாசம் வேணும்? அதே 36. ஒரு முழுத் தவணை இருந்தா தகுதி வந்துடும், நடுவுல எந்திரிச்சுப் போனா வராது. யாரோ உக்காந்து இத இப்படிப் பொருத்துனாங்களான்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா சட்டை தைச்ச மாதிரிப் பொருந்துது.

செனட்டுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு, தோத்தவங்களுக்குப் பின்வாசல். நம்ம பினாங்குக் கதையே சொல்றேன். கோ சு கூன் 1990-ல இருந்து 2008 வரைக்கும் 18 வருஷம் இங்க முதல்வர். 2008-ல பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதில நின்னு தோத்தார், தோக்கடிச்சது நம்ம பேராசிரியர் இராமசாமி. ஊரே கொண்டாடுச்சு. அடுத்த வருஷம் பாத்தா கோ செனட்டராகி அப்ப பிரதமரா இருந்த நஜிப்போட கேபினட்ல பிரதமர் துறை மந்திரி. ஜனங்க முன்வாசல்ல தள்ளுனாங்க, அவர் பின்வாசல்ல உள்ள வந்து நாற்காலில உக்காந்துட்டார். சட்டப்படி தப்பே இல்ல. மந்திரி ஆகணும்னா ரெண்டு சபைல ஏதாவது ஒன்னுல இருந்தா போதும்.

கேள்வி: ஒரே ஆளு ரெண்டு மூணு பென்ஷன் வாங்குறாராமே?

வாங்கலாம். எம்பியா இருந்ததுக்கு ஒன்னு, மாநிலச் சட்டமன்றத்துல இருந்ததுக்கு மாநிலச் சட்டப்படி ஒன்னு, மந்திரியோ மந்திரி புசாரோ முதல்வரோ ஆயிருந்தா அதுக்குத் தனியா. ஒவ்வொரு பதவிக்கும் தனிச் சட்டம், தனிப் பை. அரசியலுக்கு முன்ன வாத்தியாராவோ அதிகாரியாவோ இருந்தவர்னா அந்தப் பென்ஷனும் ஒரு பக்கம். ஒரு ஆளுக்கு ஒரு பென்ஷன் போதும்னு பல வருஷமா பேசிக்கிட்டு இருக்காங்க, இந்தியால பஞ்சாப் மாநிலத்துல 2022-ல அப்படியே சட்டம் போட்டாங்க, எத்தனை தவணை எம்எல்ஏவா இருந்தாலும் ஒன்னுதான்னு. அங்க ஒவ்வொரு தவணைக்கும் ஏறிக்கிட்டே போச்சு, அத வெட்டுனாங்க.

கேள்வி: நகராண்மைக் கவுன்சிலருக்கு?

அவங்க இந்தச் சட்டத்துக்குள்ளயே வர மாட்டாங்க. அவங்க நியமனம், அலவன்ஸ் வாங்குவாங்க. 1965-லயே ஊராட்சித் தேர்தல நிறுத்திட்டாங்க, அதனால அவங்களுக்கு ஓட்டுலயும் தோல்வி கிடையாது. அடுத்த கேள்விக்குப் போவோம்.

கேள்வி: இனிமே பென்ஷனே கிடையாதுன்னு சொன்னாங்களே, அது வைபிங்களுக்கும் சேர்த்தா?

2024 பிப்ரவரி 1-ல இருந்து புதுசா சேர்ற அரசாங்க ஊழியருக்குப் பழைய பென்ஷன் இல்ல, ஈபிஎஃப்ங்கற சேமநிதிதான். முன்னாடியே சேர்ந்தவங்களுக்கு ஒன்னும் ஆகாது, என் அத்தை டீச்சர், அவங்க பயந்து ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டாங்க, உங்களுக்கு ஒன்னும் இல்லன்னு சொல்லித் தூங்க வச்சேன். அந்த அறிவிப்பு வந்த உடனே ஜனங்க கேட்டது ஒரே கேள்வி, எங்களுக்கு இல்லன்னா உங்களுக்கு எதுக்கு? அன்வாரும் அரசியல்வாதிங்களுக்கும் அதே மாதிரி இருக்கணும்னு பேசினார்.

ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அரசாங்க ஊழியருக்கு மாத்துறது மேல இருந்து வர்ற முடிவு, கிளார்க்கு கை தூக்கி ஓட்டுப் போடத் தேவையில்ல. எம்பி பென்ஷன் 237-ல எழுதியிருக்கு, அத மாத்தணும்னா டேவான் ரக்யாட்ல, அதான் நாடாளுமன்றக் கீழ்ச்சபைல, மசோதா வரணும், கை தூக்கப் போறது அதே 222 பேர். தன் சோத்துல தானே கல்லைப் போட்டுக்க ஆளு வேணும். சிங்கப்பூர்ல போட்டாங்க. 1995-ல இருந்து புதுசா வர்ற எம்பிக்கு அங்க பென்ஷன் இல்ல, 2011 தேர்தலுக்கப்புறம் புதுசா வர்ற மந்திரிக்கும் இல்ல. ஆனா அங்க மந்திரி சம்பளத்தப் பாத்தீங்கன்னா பென்ஷன் எதுக்குன்னு நீங்களே கேப்பீங்க.

கேள்வி: முன்னாள் பிரதமருக்கு வீடு கட்டிக் குடுப்பாங்களா?

சட்டத்துல முன்னாள் பிரதமருக்கு வீடு சம்பந்தமா இடம் இருக்கு. இது வெளிய வந்ததே 2021 நவம்பர்லதான், நஜிப்புக்கு நிலமும் வீடுமா 100 மில்லியன் வெள்ளி மதிப்புல கேட்டிருக்காங்கன்னு நிதி மந்திரி தெங்கு சஃப்ருல் நாடாளுமன்றத்துலயே உறுதிப்படுத்தினார். அப்ப கோவிட் நேரம், ஜனங்க சாப்பாட்டுக்கு வழியில்லாம உதவி கேட்டு வீட்டுல வெள்ளைக் கொடி ஏத்தி முடிச்சு நாலு மாசம்தான் ஆகுது. நாடே கொதிச்சுது, கடைசில நஜிப் எனக்கு வேணாம்னு வாபஸ் வாங்கிட்டார். அந்த நேரம் எங்க மாமா, அவர் அப்ப நஜிப்போட கூட்டணியான தேசிய முன்னணி ஆள்தான், அவரே சொன்னார், 100 மில்லியன்ல ஒரு பூஜ்யத்த எனக்குக் குடுத்தாலும் தாமான் வீட்டுக் கடன் முடிஞ்சிடும்னு.

கேள்வி: சரி, பென்ஷன்தான் இவங்களுக்குப் பெரிய வருமானமா?

இல்ல. இதுக்குத்தான் இவ்ளோ நேரம் எழுதுனேன். நாம எல்லாரும் பென்ஷனப் பாத்துக் கத்துறோம், ஏன்னா அது சட்டத்துல இருக்கு, நம்பர் தெரியும், திட்ட வசதி. பெரிய காசு நாற்காலில இருக்கு. அரசாங்கப் பங்கு உள்ள கம்பெனி, ஏஜென்சி, வாரியம், பல்கலைக்கழகம், துறைமுகம், எல்லாத்துக்கும் ஒரு சேர்மன் வேணும், டைரக்டருங்க வேணும். அதுக்குப் பரீட்சை கிடையாது, விளம்பரம் கிடையாது, போன் ஒன்னு வரும் அவ்ளோதான்.

அப்துல் கனி ஒத்மான்னு ஜொகூர் மந்திரி புசார், 1995-ல இருந்து 18 வருஷம். 2013-ல கேலாங் பாத்தால லிம் கிட் சியாங்கிட்ட தோத்தார். அதே வருஷமே சைம் டார்பி சேர்மன். அவருக்கு முன்ன அந்த நாற்காலில இருந்தது யாரு? மூசா ஹித்தாம், முன்னாள் துணைப் பிரதமர், 1986-ல ராஜினாமா செஞ்சவர். ஒரு நாற்காலி, ஒருத்தருக்கப்புறம் ஒருத்தரா ரெண்டு பெரிய அரசியல்வாதி. இவங்க வேலை செய்யலன்னு நான் சொல்லல, கனி பொருளாதாரம் படிச்சவர். ஆனா அதே படிப்பு படிச்ச ஒரு தமிழ்ப் பிள்ளை சைம் டார்பிக்கு அப்ளிகேஷன் போட்டா எங்க நிக்கும்னு யோசிங்க.

மகாதீர் 2003-ல பிரதமர் பதவி விட்டதும் அரசாங்க எண்ணெய்க் கம்பெனி பெட்ரோனாஸ் ஆலோசகர் ஆனார். 2016 மார்ச்ல நஜிப்ப எதிர்த்து எதிர்க்கட்சிக்காரங்களோட சேர்ந்து கையெழுத்துப் போட்டார், கேபினட் அந்த ஆலோசகர் பதவியத் தூக்கிடுச்சு. இதுலதான் விஷயமே இருக்கு. பென்ஷன யாரும் அவ்ளோ சுலபமாப் பிடுங்க முடியாது, நாற்காலியப் பிடுங்கலாம். அதனால நாற்காலில உக்காந்தவர் வாயத் திறக்க யோசிப்பார். பென்ஷன் வாங்குற முன்னாள் மந்திரி அரசாங்கத்தத் திட்டலாம். சேர்மன் முன்னாள் மந்திரி திட்டுவாரா?

தனியார் கம்பெனி வேற கதை. ரஃபிடா அசிஸ் 1987-ல இருந்து 2008 வரைக்கும் வர்த்தக மந்திரி, 2011-ல ஏர் ஏசியா எக்ஸ் சேர்மன். கம்பெனிக்கு வேண்டியது அந்த அம்மாவோட பேரும் அனுபவமும், அதுக்கு அவங்க காசு குடுக்கறாங்க, நம்ம வரிப்பணம் இல்ல. எனக்கு அதுல கோவம் கம்மி.

கேள்வி: எம்பியா இருக்கும்போதே சேர்மனா இருக்கலாமா?

அரசாங்கத்துல முழுநேரச் சம்பள வேலை பாத்துக்கிட்டே எம்பியா இருக்க முடியாது, அதனாலதான் டீச்சருங்க வேலைய விட்டுட்டு நிப்பாங்க. ஆனா அரசாங்கக் கம்பெனி சேர்மன் பதவி அந்த வலைல மாட்டாது. 2020-ல முஹிடின் பிரதமரா ஆட்சிக்கு வந்தப்ப பெரும்பான்மை மயிரிழைலதான், மந்திரி பதவி கிடைக்காத எம்பிங்களுக்கு வாரியமும் கம்பெனியும் பங்கு போட்டாங்க. அதுல பாசிர் சாலாக் எம்பி தாஜுடினுக்குப் பிரசரானா கிடைச்சது, அதாவது கோலாலம்பூர் எல்ஆர்டி.

2021 மே 24, ரெண்டு எல்ஆர்டி ரயில் கேஎல்சிசி பக்கம் சுரங்கத்துக்குள்ள மோதிக்கிச்சு, 213 பேருக்கு அடி. மறுநாள் பிரஸ் மீட்டிங்ல சேர்மன் சிரிச்சுக்கிட்டே ரெண்டு ரயிலும் முத்தம் குடுத்துக்கிச்சுன்ற மாதிரிப் பேசினார். என் தங்கச்சி அப்ப கேஎல்ல தினமும் அந்த லைன்லதான் வேலைக்குப் போவா, அன்னைக்கு வீட்டுல இருந்தா, ஆனா அந்த வீடியோவப் பாத்துட்டு அழுதா. ரெண்டு நாள்ல அவர நீக்கிட்டாங்க. முடிஞ்சுதான்னு பாத்தா, அடுத்த வருஷம் இந்தோனேசியாவுக்குத் தூதரா அனுப்பப் போறாங்கன்னு செய்தி! அப்புறம் அவர் கட்சித் தலைமையத் திட்டி ஒரு பிரஸ் மீட்டிங் வச்சார், தூதர் பதவியும் போச்சு. ரயில்ல 213 பேருக்கு அடிபட்டதுக்கப்புறமும் ஜகார்த்தா கதவு திறந்துதான் இருந்துச்சு, தலைவரத் திட்டினதும்தான் மூடுச்சு.

கேள்வி: சிறப்புத் தூதர்னு ஒன்னு சொல்றாங்களே, அது என்ன வேலை?

நம்மாளுங்களுக்கு இது நல்லாத் தெரியும். சாமிவேலு 2008-ல சுங்கை சிப்புட்ல டாக்டர் ஜெயகுமார்கிட்ட தோத்தார், 2010 கடைசில மஇகா, அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸ், தலைவர் பதவிய விட்டார், 31 வருஷம் தலைவரா இருந்தவர். உடனே இந்தியாவுக்கும் தெற்காசியாவுக்கும் அடிப்படை வசதி விஷயத்துல சிறப்புத் தூதர், மந்திரி அந்தஸ்து. மலேசிய சீனர் சங்கம், அதான் மசீச கட்சி, முன்னாள் தலைவர் ஓங் கா திங்குக்குச் சீனா. 2020-ல முஹிடின் காலத்துல ஒரே மூச்சுல பல பேர், மத்திய கிழக்குக்கு ஹாடி அவாங், சீனாவுக்கு தியோங், தெற்காசியாவுக்கு நம்ம விக்னேஸ்வரன், எல்லாருக்கும் மந்திரி அந்தஸ்து.

கேட்டா உறவை வளர்க்குறோம்னு சொல்லுவாங்க. அந்த நாடுகள்ல நமக்கு ஏற்கனவே தூதரகம் இருக்கு, அதுல சம்பளம் வாங்குற அதிகாரிங்க இருக்காங்க. சாமிவேலு விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் இளகுவேன், அவர் ரெண்டு தடவையா இருபது வருஷத்துக்கு மேல பொதுப்பணி மந்திரி, இந்தியால மலேசியக் கம்பெனிங்க ரோடு போட்டப்ப யாரப் பாக்கணும் எப்படிப் பேசணும்னு அவருக்குத் தெரியும். எங்கப்பாவுக்கு அவர் மேல ஆயிரம் குறை, ஆனா நான் போட்ட ரோட்டுக்கு அவர்தான் மந்திரின்னு இன்னமும் பெருமையாச் சொல்லுவார்.

கேள்வி: கவர்னர் பதவியும் ரிட்டயர் பதவிதானா?

சுல்தான் இல்லாத மாநிலம் நாலு, பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக். அங்க யாங் டி பெர்துவா நெகிரின்னு கவர்னர், மாமன்னர் நியமிப்பார். இப்ப வரிசையாப் பாருங்க. பினாங்குல 2025 மே மாசத்துல இருந்து ரம்லி ஙா தாலிப், முன்னாள் பேராக் மந்திரி புசார், அப்புறம் சபாநாயகர். மலாக்கால அலி ருஸ்தாம், அதே மலாக்காவோட முன்னாள் முதல்வர். சபால மூசா அமான், அதே சபாவோட முன்னாள் முதல்வர். சரவாக்ல வான் ஜுனைடி, முன்னாள் மந்திரி, மேலவைத் தலைவர். நாலுக்கு நாலு. சரவாக்ல அவருக்கு முன்ன இருந்த தைப் மஹ்மூட் 33 வருஷம் முதல்வர், அப்புறம் பத்து வருஷம் கவர்னர், ஒரு ஆளு ஒரு மாநிலத்துல பொறந்த குழந்தை பேரன் எடுக்குற வரைக்கும் உச்சில இருந்திருக்கார்.

ஆனா பினாங்குல எப்பவும் அரசியல்வாதிதான்னு இல்ல, ரம்லிக்கு முன்ன இருந்த அஹ்மட் ஃபுசி வெளியுறவுத் துறை அதிகாரியா இருந்தவர். அப்படியும் செய்யலாம்.

கேள்வி: நாற்காலி கிடைக்காதவங்க என்ன செய்வாங்க?

வக்கீலுங்க ஆபீசுக்குத் திரும்பிடுவாங்க, டாக்டருங்க கிளினிக்குக்கு. கைல தொழில் உள்ளவன் தேர்தல்ல தோத்தா அவ்ளோ ஆடிப் போக மாட்டான், நான் பாத்த வரைக்கும். ஓங் கியான் மிங் எம்பியா நிக்காம டெய்லர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கைரி ஜமாலுடின் 2023 ஜனவரில அம்னோ கட்சில இருந்து நீக்கப்பட்டார், அந்த வருஷமே ஹாட் எஃப்எம்ல காலைல ரேடியோ அறிவிப்பாளர், கூடவே கெலுவார் செகெஜாப்னு பாட்காஸ்ட், மந்திரியா இருந்தப்ப கேக்காத ஜனங்க எல்லாம் இப்ப உக்காந்து கேக்குறாங்க. சார்ல்ஸ் சந்தியாகோ கிள்ளான்ல மூணு தவணை எம்பி, தண்ணி விஷயத்துல பல வருஷமா எழுதிப் பேசிப் போராடுனவர், 2022-ல சீட் குடுக்கல, 2023-ல தண்ணீர் சேவை ஆணையம் ஸ்பான் தலைவர். இதுவும் அரசியல் நியமனம்தான், ஆனா விஷயம் தெரிஞ்ச ஆள் விஷயம் தெரிஞ்ச எடத்துல, இத நான் குறை சொல்ல மாட்டேன்.

நம்ம இராமசாமி? 2008-ல கோ சு கூனத் தோக்கடிச்சாரே, 15 வருஷம் துணை முதல்வர், 2023 மாநிலத் தேர்தல்ல சீட் கிடைக்கல, தன் கட்சியான ஜசெகவ (ஜனநாயக செயல் கட்சி) விட்டு வெளிய வந்து உரிமைன்னு தனிக் கட்சி ஆரம்பிச்சார். அவர் தோக்கடிச்சவருக்குப் பின்வாசல் இருந்துச்சு, இவருக்கு வாசலே இல்லாம தனியா வீடு கட்ட வேண்டியதாப் போச்சு.

கேள்வி: அந்தக் காலத்துல நம்ம தலைவருங்க இப்படியா இருந்தாங்க?

துன் சம்பந்தன் 1973-ல மஇகா தலைவர் பதவிய விட்டார், அடுத்த வருஷம் தேசிய ஒற்றுமை வாரியத் தலைவர், 1979-ல காலமானார். அதுவும் அரசாங்கம் குடுத்த நாற்காலிதான், அதனால அந்தக் காலம் தங்கம்னு ஒரேடியாச் சொல்லாதீங்க. ஆனா அவர் பேரச் சொன்னா நம்ம தோட்டத்து ஜனங்களுக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அந்த வாரியம் இல்ல, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். 1960-ல வெள்ளைக்காரன் தோட்டத்தத் துண்டு போட்டு வித்தப்ப தொழிலாளிகிட்ட மாசாமாசம் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டத்தையே வாங்குனாங்க. எங்க பாட்டி அந்தப் பங்குச் சீட்ட டின்னுல வச்சிருந்தாங்க, பதவி போனப்புறமும் அவர் பேரு நின்னது அதுலதான்.

கேள்வி: மத்த நாட்டுல இதுக்குத் தடை இருக்கா?

சிலதுல இருக்கு. கனடால மந்திரி பதவி விட்டா ரெண்டு வருஷம் தான் நெருங்கி வேலை செஞ்ச எடத்துல போய் வேலைக்குச் சேர முடியாது, கம்பெனிக்காக அரசாங்கத்துல பேசிக் காரியம் சாதிக்கிற வேலை, அதான் லாபி, அதுக்கு அஞ்சு வருஷம் தடை. அமெரிக்கால செனட்டருக்கு ரெண்டு வருஷம், கீழ்ச்சபைக்கு ஒரு வருஷம். இங்கிலாந்துல ரெண்டு வருஷம்னு விதி, அதப் பாத்துக்க ஒரு ஆலோசனைக் குழு வச்சாங்க, அதுக்குப் பல்லே கிடையாது, கடுதாசி எழுதுச்சு அவ்ளோதான், 2025-ல அதையும் கலைச்சுட்டாங்க. அங்க நிதி மந்திரியா இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2017-ல பிளாக்ராக் கம்பெனில வருஷத்துக்கு 48 நாள் வேலைக்கு 6,50,000 பவுண்ட். ஒரு நாளைக்கு எவ்ளோன்னு வகுத்துப் பாத்தேன், 13,500-க்கு மேல வருது, எங்கப்பாவுக்கு இதச் சொன்னப்ப வெள்ளியா பவுண்டான்னு ரெண்டு தடவ கேட்டார்.

நம்ம நாட்டுல பதவி விட்ட மந்திரி இத்தனை மாசம் காத்திருக்கணும்னு சட்டம் இல்ல. திங்கக்கிழமை லைசென்ஸ் குடுத்துட்டு வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனில உக்காந்தா, கேக்கலாம், தடுக்க முடியாது. எனக்குப் பென்ஷன விட இதுதான் உறுத்துது. வைபிக்கு நல்ல பென்ஷனே குடுங்க, ஒன்னு மட்டும் குடுங்க, ரெண்டு வருஷம் சும்மா இருக்கச் சொல்லுங்க.

கேள்வி: நல்லாக் குடுக்கலன்னா லஞ்சம் வாங்குவாங்கன்னு சொல்றாங்களே?

சொல்றவங்க நெறைய. நம்ம நாட்டு கோர்ட்டுல நின்ன பெரிய தலைங்க எல்லாம் பென்ஷன் பத்தாம வாங்குனாங்களா? பசிக்குத் திருடுறவன் ரொட்டிதான் திருடுவான்.

கேள்வி: யாரு எந்தக் கம்பெனில இருக்காங்கன்னு நாம எப்படிப் பாக்கறது?

பங்குச் சந்தைல உள்ள கம்பெனின்னா ரொம்ப சுலபம். புர்சா மலேசியா வெப்சைட்ல ஆண்டறிக்கை இருக்கும், டைரக்டர் பேரோட யாருக்கு எவ்ளோ குடுத்தாங்கன்னு தனித்தனியாப் போடணும், அது விதி. படம் போட்ட பக்கம் எல்லாம் தள்ளிட்டு நேரா டைரக்டர் சம்பளப் பட்டியலுக்குப் போங்க. கட்டணம், கூட்டத்துக்கு வந்த அலவன்ஸ், கார், டிரைவர் எல்லாம் தனித்தனிக் கட்டமா இருக்கும், கூட்டிப் பாருங்க. பங்குச் சந்தைல இல்லாத செண்டிரியான் பெர்ஹாட்னா, அதாவது பிரைவேட் லிமிடெட்னா, கம்பெனிப் பதிவு அலுவலகமான எஸ்எஸ்எம்ல கொஞ்சம் காசு கட்டினா டைரக்டர் பேரு கிடைக்கும், ஆனா அதுல சம்பளம் இருக்காது. வாரியம், ஏஜென்சின்னா அது எந்த அமைச்சுக்குக் கீழன்னு கண்டுபிடிச்சு அதோட அறிக்கையத் தேடணும், பல நேரம் ரெண்டு வருஷம் பழசா இருக்கும். நான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க உக்காந்து பாத்தேன், பழைய தேர்தல் போஸ்டர்ல பாத்த மூஞ்சி எல்லாம் கோட்டு போட்டுக்கிட்டு அங்க சிரிச்சுக்கிட்டு இருக்கு.

கேள்வி: கட்சிக்கு ஒழைச்ச கிளைத் தலைவருக்கு என்ன கிடைக்கும்?

என் மாமாவப் பத்திக் கேக்குறீங்க. 26 வருஷம் கிளைத் தலைவர். ஓட்டுச் சாவடி முகவரா நின்னார், கொடி கட்டினார், வைபி சேவை மையத்துச் சாவி அவர்கிட்டதான் இருக்கும், மை கார்டுங்கற அடையாள அட்டை இல்லாதவங்க, பொறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைங்க, வீட்டு வாடகை பாக்கி எல்லாரையும் அவர்தான் கூட்டிக்கிட்டுப் போவார், தீபாவளிக்கு ஒரு ஹேம்பர் வரும். சட்டம் 237-ல அவருக்குன்னு ஒரு வரி கூட எழுதல. வைபி தோத்த மறுவாரம் சேவை மையத்து வாடகை நின்னுடுச்சு, கடைக்காரர் சாமானெல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்கன்னுட்டார், வைபிக்குப் போன் போட்டா எடுக்கல. மாமா லாரி புடிச்சு அங்க இருந்த நாப்பது நீலப் பிளாஸ்டிக் நாற்காலியக் கொண்டாந்து வீட்டுத் தாழ்வாரத்துல அடுக்கி வச்சார், கட்சி கேட்டா குடுக்கணும்னு. அந்த வைபி இப்ப ஒரு கம்பெனில டைரக்டர். நாற்காலி கேட்டு இன்னும் யாரும் வரல. போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போற வழில எங்க தாமான் பையனுங்க தண்ணீர் பந்தல் போட்டாங்க, உக்கார எடம் வேணும்னு கேட்டாங்க, மாமா நாப்பதையும் குடுத்துட்டார். முப்பத்தெட்டுதான் திரும்பி வந்துச்சு, எண்ணிப் பாத்துட்டு ரெண்டு குறையுதேன்னு இன்னமும் புலம்புறார்.